கறவை மாடுகளில் சினைப்பருவ ஒருங்கிணைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடு வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஹார்மோன் ஊசிகளை ஒரு கால்நடை மருத்துவர் மாட்டைக் கையால் சோதித்துப் பார்த்த பிறகே போட வேண்டும். அவர் எழுதிக் கொடுக்கும் அட்டவணையில் எந்த ஊசி எதற்கு என்று உங்களுக்கும் தெரிந்திருந்தால் பாதித் தவறுகள் குறையும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பருவ ஒருங்கிணைப்பு என்றால் என்ன?

ஒவ்வொரு மாடும் ஒவ்வொரு நாளில் பருவத்துக்கு வருவதை மாற்றி, பல மாடுகளை ஒரே நாளில், அல்லது ஒரே மாட்டை நாம் குறித்த நாளில் சினை ஊசிக்கு, அதாவது செயற்கைக் கருவூட்டலுக்கு, தயாராக்குவது. இதற்குப் பயன்படும் ஹார்மோன்கள் மாட்டின் உடலில் ஏற்கெனவே சுரப்பவைதான், அல்லது அவற்றைப் போலச் செய்யப்பட்டவை. புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. உடல் வேறொரு நாளில் செய்யவிருந்த வேலையை இன்றைக்குச் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

மாடு தானாகவே 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறதே, பிறகு எதற்கு ஊசி?

வருகிறது, ஆனால் நம் கண்ணில் படுகிறதா என்பதுதான் கேள்வி. 21 நாள் என்பது சராசரி. 18 முதல் 24 நாள் வரை எதுவும் இயல்பே. பருவம் நீடிப்பது 12 முதல் 18 மணி நேரம் என்று படித்திருப்பீர்கள். அதிகம் கறக்கும் மாடுகளில் அது எட்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நிறையக் கறக்கும் மாடு நிறையத் தின்கிறது, கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, பருவத்தைத் தூண்டும் ஹார்மோனைக் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடுகிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிய பருவம் காலையில் நீங்கள் கறக்கப் போகும்போது முடிந்திருக்கும். கட்டிப்போட்ட மாடாக இருந்தால் மற்ற மாட்டின் மேல் ஏறுவதற்கும் வழியில்லை. இப்படி ஒரு பருவத்தைத் தவறவிட்டால் மூன்று வாரம் போச்சு.

இரண்டு மூன்று மாடு மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் பக்கத்திலேயே நாள் முழுக்க இருப்பவருக்கு இதெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. நான் அவரிடம் நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்வேன், ஊசி வாங்கச் சொல்ல மாட்டேன்.

அந்த 21 நாளில் உள்ளே என்னதான் நடக்கிறது?

இது புரிந்தால் மற்ற எல்லாம் புரியும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சினைப்பையில் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் வளரும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. கூட்டமாக வளரத் தொடங்கி, அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு பெரிதாகும்; மற்றவை சுருங்கிவிடும். இந்த அலை ஒரு சுற்றில் இரண்டு அல்லது மூன்று முறை வரும். கடைசி அலையில் வந்த பெரிய கொப்புளம் சுமார் 15 மில்லிமீட்டர் ஆகும்போது வெடித்து முட்டை வெளியே வரும். முன்னால் வந்த அலைகளின் கொப்புளங்கள் ஏன் வெடிப்பதில்லை? அங்கேதான் மஞ்சள் உடலம் வருகிறது.

முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் திசுதான் மஞ்சள் உடலம். ஆசனவாய் வழியாகக் கையை விட்டுச் சோதிக்கும்போது சினைப்பையின் மேல் ஒரு குமிழ் போலத் துருத்திக்கொண்டு விரலில் தட்டுப்படும். கொப்புளம் மெத்தென்று அழுந்தும், இது அழுந்தாது. இது புரோஜெஸ்டிரான் சுரக்கும். புரோஜெஸ்டிரான் இருக்கும்வரை மாடு பருவத்துக்கு வராது, கொப்புளமும் வெடிக்காது. 16, 17ஆம் நாள்வரை கருப்பையில் கரு எதுவும் இல்லையென்றால், கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து மஞ்சள் உடலத்தைக் கரைத்துவிடும். தடை நீங்கும். அப்போது கைவசம் இருக்கும் கொப்புளம் முதிரும், மாடு பருவத்துக்கு வரும், மூளையின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து எல்ஹெச் என்ற ஹார்மோன் ஒரே வீச்சில் பாயும், அதற்குச் சுமார் 28 மணி நேரம் கழித்து முட்டை வெளியேறும்.

ஆக, கையில் இருக்கும் பிடி மூன்று: மஞ்சள் உடலத்தைக் கரைப்பது, எல்ஹெச் பாயச் செய்வது, புரோஜெஸ்டிரானை வெளியிலிருந்து கொடுத்துத் தடுத்து வைத்துப் பிறகு எடுத்துவிடுவது. எல்லா முறைகளும் இந்த மூன்றின் கலவைதான்.

“ஒரே ஊசி போட்டால் மூன்றாம் நாள் பருவத்துக்கு வந்துவிடும்” என்கிறார்கள். என் மாட்டுக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

அது புரோஸ்டாகிளாண்டின் ஊசி. கரைப்பதற்கு மஞ்சள் உடலம் இருந்தால்தான் அது வேலை செய்யும். பருவம் முடிந்து ஐந்து நாள்வரை இருக்கும் இளம் மஞ்சள் உடலம் இந்த மருந்துக்கு அசைந்து கொடுக்காது. மாடு இன்னும் சுழற்சிக்கே வரவில்லை என்றால் கரைக்க எதுவுமே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பருவத்துக்கு வந்த நாளைச் சுழியம் என்று வைத்தால், 6 முதல் 17ஆம் நாள்வரை உள்ள மாடுகள் ஊசிக்குப் பதில் சொல்லும். 18, 19, 20ஆம் நாளில் இருப்பவை ஊசி இல்லாமலேயே வரப்போகின்றன. சுழியம் முதல் 5 வரை இருப்பவை பேசாமல் இருக்கும். சுழற்சியில் இருக்கும் 21 மாடுகளுக்கு, எது எந்த நாளில் என்று தெரியாமல் ஊசி போட்டால், ஏறக்குறைய 15 மாடுகள் அந்த வாரத்தில் வரும், 6 வராது. அதே ஊசியை 11 நாள் கழித்து மறுபடி போட்டால்? வராமல் போன ஆறும் இப்போது 11 முதல் 16ஆம் நாளில் இருக்கும். முதலில் வந்தவை 6 முதல் 11ஆம் நாளுக்குள் இருக்கும். எல்லாம் வலைக்குள் வந்துவிடும். விளிம்பில் நிற்கும் மாடுகளையும் பிடிக்க 14 நாள் இடைவெளி இன்னும் பாதுகாப்பானது என்று பலர் அதையே வைத்துக்கொள்கிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊசி போட்டதும் மஞ்சள் உடலம் ஒரே நாளில் அடங்கிவிடுகிறது, ஆனால் பருவம் வருவது அப்போது கொப்புளம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரிய கொப்புளம் தயாராக இருந்தால் இரண்டாம் நாளே வரும். புது அலை அப்போதுதான் தொடங்கியிருந்தால் ஐந்தாம் நாள் ஆகும். எனவே புரோஸ்டாகிளாண்டின் மட்டும் போட்டால் மாட்டைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். “மூன்றாம் நாள் வந்து சினை ஊசி போட்டுவிடுங்கள்” என்று ஆளைச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பது இங்கே சரிப்படாது.

பருவத்தைப் பார்க்காமலேயே சினை ஊசி போடும் முறை இருக்கிறதாமே?

இருக்கிறது. ஓவ்சிங்க் என்று பெயர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் ஆகியோர் 1995இல் வெளியிட்டது. இன்றுள்ள பல திட்டங்களுக்கு இதுதான் அடித்தளம்.

நாள் கிழமையோடு சொல்கிறேன். திங்கள் காலை 9 மணிக்கு ஜிஎன்ஆர்ஹெச் ஊசி (எல்ஹெச்சைத் தூண்டிவிடும் ஹார்மோன்). அடுத்த திங்கள் காலை 9 மணிக்குப் புரோஸ்டாகிளாண்டின். அதிலிருந்து 56 மணி நேரம், அதாவது புதன் மாலை 5 மணிக்கு, மறுபடி ஜிஎன்ஆர்ஹெச். வியாழன் காலை 9 மணிக்குச் சினை ஊசி. பருவ அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போட வேண்டியதுதான்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. முதல் ஜிஎன்ஆர்ஹெச் எல்ஹெச்சைப் பாயச் செய்யும். அப்போது பெரிய கொப்புளம் இருந்தால் வெடிக்கும், இரண்டு நாளுக்குள் புது அலை தொடங்கும். எல்லா மாடுகளின் கொப்புளங்களும் இப்போது ஒரே வயது. ஏழு நாளில் அந்தப் புதுக் கொப்புளம் வளர்ந்திருக்கும், புரோஸ்டாகிளாண்டின் மஞ்சள் உடலத்தைக் கரைத்துத் தடையை எடுக்கும். இரண்டாவது ஜிஎன்ஆர்ஹெச் முட்டை வெளியேறும் நேரத்தைப் பூட்டிவிடும்: சுமார் 28 மணி நேரத்தில், வியாழன் இரவு. வெளியே வந்த முட்டை சில மணி நேரம்தான் தாங்கும். விந்தணு மேலே ஏறித் தயாராகவும் சில மணி நேரம் வேண்டும். முட்டை வருமுன் விந்தணு போய்க் காத்திருக்க வேண்டும் என்பதால்தான் இரண்டாவது ஜிஎன்ஆர்ஹெச்சுக்கும் சினை ஊசிக்கும் இடையே 16 மணி நேரக் கணக்கு.

கன்று பல ஈன்ற மாடுகளில் ஒரு புரோஸ்டாகிளாண்டின் ஊசியில் மஞ்சள் உடலம் முழுசாகக் கரையாமல் நிற்பதுண்டு. அதனால் 24 மணி நேரம் கழித்து இன்னொன்று போடச் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

ஓவ்சிங்க் நடுவிலேயே மாடு பருவத்துக்கு வந்துவிட்டால்?

வந்ததே பெரிய விஷயம். மற்ற ஊசிகளை நிறுத்திவிட்டு, வழக்கம்போலச் சினை ஊசி போட்டுவிடுங்கள்: காலையில் பருவம் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். அட்டவணையைக் காப்பாற்றுவதற்காக நல்ல பருவத்தை விட்டுவிட வேண்டாம்.

மாறாக, வியாழன் காலையில் எந்த அறிகுறியும் இல்லை என்றால் கவலைப்படாதீர்கள். இரண்டாவது ஜிஎன்ஆர்ஹெச், பருவ அறிகுறிகள் முழுதாகத் தெரிவதற்கு முன்பே முட்டையை வெளியேற்றும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கண்ணாடி மாதிரி ஒழுக்கு இல்லை, கத்தவில்லை என்று சொல்லிச் சினை ஊசியைத் தள்ளிப்போட்டால் முழுத் திட்டமும் பாழ்.

பிரீசிங்க், டபுள் ஓவ்சிங்க் என்றெல்லாம் சொல்கிறார்களே?

ஓவ்சிங்கின் முதல் ஊசி சுழற்சியின் 5 முதல் 9ஆம் நாளுக்குள் விழுந்தால் பலன் நன்றாக இருக்கும். எல்லா மாடுகளையும் அந்த நாட்களுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதற்கான முன்வேலைதான் இவை. பிரீசிங்கில் 14 நாள் இடைவெளியில் இரண்டு புரோஸ்டாகிளாண்டின், பிறகு 12 நாள் போல விட்டு ஓவ்சிங்க். டபுள் ஓவ்சிங்கில் ஓவ்சிங்க் போன்ற ஒரு சுற்று, அது முடிந்த ஏழாம் நாள் உண்மையான ஓவ்சிங்க். முதல் ஊசியிலிருந்து சினை ஊசிவரை 27 நாள். நிறைய மாடுகள் உள்ள பண்ணைக்குத் தோதானது. நாலைந்து மாடுகளுக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டால், என் பதில்: முதலில் மாட்டைச் சோதித்து நல்ல மஞ்சள் உடலம் இருக்கிறதா பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடியும்.

சிடார் என்பது என்ன? அதை எந்த மாட்டுக்கு வைப்பார்கள்?

ஆங்கில டி எழுத்து வடிவில் ஒரு சிறு கருவி. நைலான் எலும்பின் மேல் சிலிக்கோன் பூச்சு, அந்தச் சிலிக்கோனுக்குள் புரோஜெஸ்டிரான். இரண்டு கைகளையும் மடக்கிக் குழாயில் வைத்துப் பிறப்புறுப்புக்குள் செலுத்துவார்கள். உள்ளே போனதும் கைகள் விரிந்து பிடித்துக்கொள்ளும், ஒரு மெல்லிய வால் மட்டும் வெளியே தெரியும். பெரும்பாலும் ஏழு நாள். ஏழாம் நாள் வாலைப் பிடித்து இழுத்து எடுத்துவிட்டுப் புரோஸ்டாகிளாண்டின்.

எடுக்கும்போது மஞ்சளாகச் சீழ் மாதிரி ஒட்டிக்கொண்டு, நாற்றத்தோடு வரும். முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். வெளிப்பொருள் உறுத்தியதால் பிறப்புறுப்பில் வரும் லேசான அழற்சி அது. கருவி கருப்பைக்குள் போவதில்லை. எடுத்த சில நாளில் தானே சரியாகும்.

கன்று ஈன்று இரண்டு மாதம் ஆகியும் சுழற்சிக்கே வராத மாடுகளுக்கு இது ஒரு வரம். வெளியிலிருந்து புரோஜெஸ்டிரான் கொடுத்து ஒரேயடியாக நிறுத்தும்போது, தூங்கிக்கிடந்த சுழற்சி விழித்துக்கொள்ளும். பக்கத்து மாடு கருவியின் வாலைக் கடித்து இழுத்துவிடும் வழக்கமும் உண்டு, அதனால் கருவியின் வாலைக் கொஞ்சம் கத்தரித்துவிடுங்கள். தினமும் கறக்கும்போது ஒரு பார்வை பாருங்கள். கருவி எந்த நாளில் விழுந்தது என்று தெரியாவிட்டால் திட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரு மாட்டில் வைத்து எடுத்ததைக் கழுவி இன்னொன்றுக்கு வைக்காதீர்கள்; மருந்து தீர்ந்திருக்கும், நோயும் பரவும்.

கிடேரிகளுக்கும் ஓவ்சிங்க் போடலாமா?

எனக்கு உடன்பாடில்லை. கிடேரிகளில் கொப்புள அலை வேகமாக ஓடும், முதல் ஜிஎன்ஆர்ஹெச்சுக்குச் சரியாகப் பதில் சொல்லாது. சினை ஊசிக்கு முன்பே பல கிடேரிகள் பருவத்துக்கு வந்துவிடும். புரோஸ்டாகிளாண்டின் போட்டுப் பருவம் பார்ப்பது, அல்லது ஐந்து நாள் சிடார் முறை, இரண்டும் மேல். எதைச் செய்வதானாலும் கிடேரி தாயின் எடையில் அறுபது சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். எடை இல்லாத கிடேரிக்கு ஹார்மோன் போடுவது விதை ஊன்றாத வயலுக்கு நீர் பாய்ச்சுவது.

எத்தனை மாடு சினை பிடிக்கும்?

கறவையில் உள்ள மாடுகளில் ஓவ்சிங்க் முறையில் 100க்கு 30 முதல் 40 சினை நிற்பது வழக்கம். கேட்பவர்கள் முகம் சுருங்கும். ஆனால் ஒப்பிட வேண்டியது வேறு கணக்கோடு. பருவம் பார்த்துப் போடும் பண்ணையில் 100 மாடுகளில் 50ன் பருவம்தான் கண்ணில் பட்டது, அதில் 40 சதவீதம் சினை நின்றது என்று வையுங்கள். மொத்தம் 20 மாடு. ஓவ்சிங்கில் 100 மாட்டுக்கும் சினை ஊசி விழுகிறது, 35 சதவீதம் நின்றாலும் 35 மாடு. ஒவ்வொரு சினை ஊசியின் வெற்றியும் கூடவில்லை. ஊசி விழும் மாடுகள் கூடின.

எல்லாம் சரியாகச் செய்தோம், ஒன்றும் நிற்கவில்லை. ஏன்?

“எல்லாம் சரியாக” என்பதை முதலில் சோதியுங்கள். மூன்று ஊசி, ஒரு சினை ஊசி. ஒவ்வொன்றும் 100 மாடுகளில் 95க்குச் சரியான மாட்டுக்குச் சரியான நேரத்தில் விழுந்தது என்றால் நல்ல பெயர்தான். ஆனால் நாலையும் சேர்த்துப் பெருக்கினால் 81 மாடுகளுக்குத்தான் முழுத் திட்டமும் கிடைத்திருக்கும். ஒரு ஊசியை மறுநாள் சேர்த்துப் போடுவது அந்த மாட்டுக்குத் திட்டத்தையே கைவிட்டதற்குச் சமம்.

அப்புறம் ஊசி முனை. மருந்து 2 மில்லி அளவுக்குத்தான் இருக்கும். குட்டை ஊசியால் கொழுப்பில் போட்டால் தசைக்குப் போகாது. ஒன்றரை அங்குல ஊசி, கழுத்துத் தசை.

இவை சரி என்றால் மாட்டைப் பாருங்கள். ஈன்ற பிறகு கருப்பை சுத்தமாகாமல் சீழ் இருந்தால், விலா எலும்பு எண்ணும்படி மெலிந்திருந்தால், வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால், எந்த ஹார்மோனும் கருவைத் தங்கவைக்காது. ஈன்று 50, 60 நாளாவது ஆகியிருக்க வேண்டும். தீவனத்தில் போட வேண்டியதை ஊசியில் போட்டுப் பார்ப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஊசி போடும்போது மாடு ஏற்கெனவே சினையாக இருந்தால்?

புரோஸ்டாகிளாண்டின் கருவைக் கலைத்துவிடும். முதல் ஐந்து மாதம் சினை நிற்பதே மஞ்சள் உடலத்தை நம்பித்தான். ஜிஎன்ஆர்ஹெச்சால் அப்படி ஆவதில்லை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு பட்டியலில் 11ஆம் எண் மாட்டுக்கு ஊசி என்று நானே எழுதியிருந்தேன். அவசரத்தில் எழுதிய 1 எனக்கே 7 போலத் தெரிந்தது. 17ஆம் எண் மாடு மூன்று மாதச் சினை. நாலாம் நாள் காலை தொழுவத்தில் கரு கிடந்தது. நஞ்சுக்கொடி முழுதாக விழவில்லை, அதற்கு வேறு வைத்தியம். அன்றிலிருந்து எண்ணைப் பக்கத்தில் எழுத்தாலும் எழுதுகிறேன், புரோஸ்டாகிளாண்டின் போடும் முன் காதுத் தோட்டை இன்னொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும்.

இந்த மாட்டின் பாலைக் குடிக்கலாமா? ஊசி போட்டுப் பழகினால் மலடாகுமா?

புரோஸ்டாகிளாண்டினை உடல், முக்கியமாக நுரையீரல், நிமிடக் கணக்கில் உடைத்துவிடும். ஜிஎன்ஆர்ஹெச் பத்து அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி, அதுவும் வேகமாகச் சிதையும். சினை மாட்டின் பாலில் புரோஜெஸ்டிரான் இயல்பாகவே உண்டு. மருந்துக்கு மருந்து, நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால் குப்பியின் மேல் பாலுக்கு எத்தனை நாள் என்று போட்டிருப்பதை மட்டும் பின்பற்றுங்கள். எஸ்ட்ராடையால் என்ற, பருவத்தைத் தூண்டும் ஹார்மோனைச் சேர்த்த திட்டங்கள் சில நாடுகளில் நடக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளில் அதைத் தடைசெய்துவிட்டது. மலடாவது கட்டுக்கதை. மலடான மாட்டுக்குக் கடைசியாக ஊசி போட்டிருப்பார்கள், பழி ஊசி மேல் விழும்.

போடுபவருக்கு ஆபத்து உண்டா?

உண்டு. புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாகவே உள்ளே போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் குப்பியைத் தொடவே கூடாது. மற்றவர்கள் கையுறையோடு, கையில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

சினை ஊசி போட்டு இரண்டாம் நாள் ரத்தம் கசிந்தது. சினை கலைந்துவிட்டதா?

இல்லை. பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சில மாடுகளில், கிடேரிகளில் இன்னும் அதிகமாக, வாலில் ரத்தக்கறை தெரியும். சினை நின்றதற்கும் இது அடையாளம் இல்லை, நிற்காததற்கும் இல்லை. சினை ஊசி போடாத மாட்டில் இதைப் பார்த்தால் இரண்டு நாளுக்கு முன் ஒரு பருவத்தைத் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம். தேதியைக் குறித்துக்கொண்டு, 16ஆம் நாளிலிருந்து கண் வைத்திருங்கள். சினை ஊசி போட்ட மாடென்றால் 18 முதல் 24ஆம் நாள்வரை திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டாலும் சினை என்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்கேன் வசதி இருந்தால் 30ஆம் நாள் வாக்கில், கைச்சோதனை என்றால் ஒன்றரை மாதம் ஆனதும். காலியாக இருந்தால் சோதித்த அன்றைக்கே அடுத்த சுற்றைத் தொடங்கிவிடலாம்.